சனிக்கிழமை போனவர்கள், திங்கட்கிழமை வந்தவர்கள்: பாசல் எல்லையில் ஒரு பலசரக்குக் கடை

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு தமிழ்க் குடும்பம் நடத்தும் பலசரக்குக் கடை, 2014 கடைசியிலிருந்து 2025 வரை எதிர்கொண்டதை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கடையின் வரவு செலவை வரிக்காக ஒழுங்கு செய்து கொடுப்பவன் என்ற முறையில் பக்கத்தில் இருந்து பார்த்தது இது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், தெரு, அடையாளம் எதையும் சேர்க்கவில்லை. எல்லையோர ஊர்களில் சிறு வியாபாரம் செய்கிறவர்களுக்கும், செய்ய நினைக்கிறவர்களுக்கும் இது உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

பின்னணி: ஊர்

பாசலில் ரைன் ஆறு வடக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சந்திக்கின்றன. பாசல் நகர மாநிலத்தின் பரப்பு வெறும் 37 சதுர கிலோமீட்டர், சுவிஸ் மாநிலங்களிலேயே மிகச் சிறியது. குடியிருப்பவர்கள் சுமார் 2 லட்சம் பேர். வேலை இடங்களும் ஏறத்தாழ அதே அளவு. குழந்தைகளும் முதியவர்களும் சேர்ந்ததுதானே 2 லட்சம்? அப்படியானால் மீதி வேலைகளை யார் செய்கிறார்கள் என்று கேட்டால் இந்த ஊரின் பொருளாதாரம் பாதி புரிந்துவிடும். சுற்றியுள்ள சுவிஸ் ஊர்களிலிருந்து வருபவர்கள் ஒரு பக்கம். பிரான்சின் அல்சாஸிலிருந்தும் ஜெர்மனியின் பாடன் பகுதியிலிருந்தும் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டம் மட்டும் நகர மாநிலத்துக்குச் சுமார் 35,000 பேர். அவர்கள் கையில் இருப்பது ‘ஜி’ அனுமதி அட்டை.

அவர்களை இழுப்பது முதன்மையாக மருந்துத் தொழில். பட்டு ரிப்பன் நெய்த ஊர் இது. ரிப்பனுக்குச் சாயம் வேண்டும். 1859இல் இங்கே செயற்கைச் சாயம் தயாரிக்க ஆரம்பித்தார்கள். சாயத்திலிருந்து ரசாயனம், ரசாயனத்திலிருந்து மருந்து என்று தொழில் வளர்ந்தது. ரோஷ் 1896இல் தொடங்கியது. சிபா கைகியும் சாண்டோசும் 1996இல் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயின. இன்று ஊருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படுவது ரோஷின் இரண்டு வெள்ளைக் கோபுரங்கள். உயரமானது 205 மீட்டர்.

கடல் இல்லாத நாட்டுக்குத் துறைமுகமும் இந்த ஊர்தான். ரோட்டர்டாமிலிருந்து ரைன் வழியாக வரும் கப்பல்கள் இங்கே இறக்குகின்றன. சுவிஸ் வெளிநாட்டு வணிகச் சரக்கில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த வழியாகப் போகிறது. விமான நிலையம் முழுக்க முழுக்க பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. 1949இல் போட்ட ஒப்பந்தத்தின்படி இரு நாடுகளும் சேர்ந்து நடத்துகின்றன. ஜெர்மன் ரயில்வேயின் நிலையம் ஒன்று சுவிஸ் மண்ணில் நிற்கிறது. மூன்று நாட்டுக்காரரும் ஒருவர் வீட்டு முற்றத்தில் மற்றவர் வேலி போடாமல் வாழப் பழகிய இடம் என்று சொல்லலாம்.

கடையைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2002இல் சுவிசுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையில் ஆட்கள் வேலைக்குப் போய்வரும் சுதந்திரம் நடைமுறைக்கு வந்தது. 2008 டிசம்பரில், எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஷெங்கன் வட்டத்தில் சுவிஸ் சேர்ந்தது. ஆனால் ஒன்றியத்தின் சுங்க அமைப்பில் சுவிஸ் இல்லை. ஆகவே எல்லையில் ஆளை நிறுத்த மாட்டார்கள், பையை நிறுத்தலாம். பணமும் இரண்டு: சுவிசில் பிராங், அந்தப் பக்கம் யூரோ. இந்தக் கடைக்கு வந்த கஷ்டமும், பிறகு கிடைத்த வழியும் இந்த ஏற்பாட்டிலிருந்தே வந்தன.

பின்னணி: கடை

தம்பதியர் 1980களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் பல வருடம் இருந்துவிட்டு, 90களின் கடைசியில் ரைனின் வலக்கரையில், கிளைன்பாசல் பகுதியில் கடை போட்டார்கள். சிவப்பரிசி, வறுத்த கறித்தூள், ஒடியல் மா, தேங்காய்ப் பால், உறைய வைத்த மீன், ஆட்டிறைச்சி, வியாழக்கிழமைகளில் வந்திறங்கும் முருங்கைக்காய், கறிவேப்பிலை. மற்றபடி பால், எண்ணெய், வெங்காயம், குழந்தைகளுக்கான டயப்பர் என்று எல்லா வீட்டுக்கும் வேண்டியதும் உண்டு.

வியாபாரம் நடந்தது சனிக்கிழமைகளில். தமிழ்க் குடும்பங்கள் காரில் வந்து வாரத்துக்கு வேண்டியதை ஏற்றிக்கொண்டு போவார்கள். வார நாட்களில் கடை தூங்கும். வாரத்தின் மொத்த வரவில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாளில் வந்ததால் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் 8ஆம் இலக்க டிராம் நிற்கும்.

2014 டிசம்பர், 2015 ஜனவரி

2014 டிசம்பரில் அந்த 8ஆம் இலக்க டிராமை எல்லை தாண்டி ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரை நீட்டினார்கள். ஊரே கொண்டாடியது. கடைக்காரரும் சந்தோஷப்பட்டார். அந்தப் பக்கத்து ஆட்கள் இனி இங்கே வருவார்கள் என்பது அவர் கணக்கு.

ஒரு மாதம் கழித்து, 2015 ஜனவரி 15 அன்று, சுவிஸ் தேசிய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 பிராங் என்று 2011 செப்டம்பரிலிருந்து பிடித்து வைத்திருந்த தாழ்வெல்லையைக் கைவிட்டது. அன்றைக்கே யூரோ ஒரு பிராங் அளவுக்கு விழுந்தது. ஜெர்மன் கடையில் 100 யூரோ பில் என்றால் முந்தைய நாள் 120 பிராங், இப்போது 100 பிராங்குக்குச் சற்று மேலோ கீழோ. அங்கே ஒரு சாமானின் விலையும் மாறவில்லை, ஆனால் சுவிஸ்காரருக்கு எல்லாமே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மலிந்துவிட்டது.

இதோடு வரியைத் திரும்பப் பெறும் வசதியும் உண்டு. ஜெர்மனியில் வாங்கிய சாமானுக்குப் பச்சைச் சீட்டு எழுதி வாங்கி, எல்லையில் சுங்க முத்திரை குத்தினால், அடுத்த தடவை போகும்போது மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தருவார்கள். உணவுக்கு 7 சதவீதம், சோப்பு, டயப்பர் போன்றவற்றுக்கு 19 சதவீதம். சுவிஸ் பக்கத்தில் அப்போது ஆளுக்கு 300 பிராங் வரை வரி இல்லாமல் கொண்டுவரலாம். இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ, அதற்கு மேல் போனால் கிலோவுக்கு 17 பிராங். பிள்ளைகளும் கணக்கில் சேர்வதால் நான்கு பேர் போனால் நான்கு கிலோ. சனிக்கிழமை டிராமில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, பாசலில் சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கடை சாத்த வேண்டும். வைலில் அதற்குப் பிறகும் வெளிச்சம் எரியும்.

கவனித்தது

பிப்ரவரியிலேயே சனிக்கிழமை வரவு இறங்கியது. ஈஸ்டர் வரும்போது, முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. முருங்கைக்காயும் கறித்தூளும் வாங்க இப்போதும் வந்தார்கள், ஆனால் கையில் ஒரு பையோடு வந்து அதே பையோடு போனார்கள். கடைக்கார அம்மா அப்போது என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: “சனங்கள் எங்களை விட்டுட்டுப் போகேல்ல. வைலுக்குப் போனால் கையோட எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு வந்திடுகினம். எங்களிட்ட மிச்சத்துக்குத்தான் வருகினம்.”

நிலைமையை இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் முடிவு: விலையைக் குறைத்தல்

கடைக்காரர் முதலில் செய்தது யாரும் செய்யக்கூடியதுதான். அரிசி, பருப்பு, தகரப்பால், மீன் டின் எல்லாம் ஜெர்மனியிலும் பிரான்சிலும் உள்ள மொத்த வியாபாரிகளிடமிருந்து யூரோவில் வாங்குகிற சரக்கு. யூரோ விழுந்ததால் அவருடைய கொள்முதலும் மலிந்தது. அந்த லாபத்தை வாடிக்கையாளருக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். கோடை முழுவதும் அரிசி மூட்டையின் விலையையும் இன்னும் பத்துப் பதினைந்து சாமான்களின் விலையையும் இறக்கி, வாசலில் பெரிதாக எழுதிப் போட்டார்.

விற்பனை அளவு கூடவில்லை. எப்படியும் வாங்க வந்தவர்கள் மலிவாக வாங்கிப் போனார்கள், அவ்வளவுதான். காரணம் பிறகு புரிந்தது. ஆட்கள் வைலுக்குப் போனது அரிசிக்காக இல்லை. கோழி, பால், வெண்ணெய், டயப்பர் ஆகியவற்றுக்காகப் போனார்கள். அவற்றில் இந்தக் கடை எந்தக் காலத்திலும் ஜெர்மன் பேரங்காடியோடு போட்டி போட முடியாது. நாணயம் கொடுத்த ஒரே நல்ல விஷயமான மலிந்த கொள்முதல், பலன் தராத இடத்தில் கரைந்துபோனது. செப்டம்பரில் கணக்குப் பார்த்தபோது, கடைக்கென்று எடுத்திருந்த தனிக் கிடங்கறையின் வாடகையே சுமையாக இருந்தது. அதை விட்டுவிட்டார்கள்.

குறிப்பேடு

திருப்பம் வந்தது மகளிடமிருந்து. அவர் அப்போது வணிகத் தொழிற்பயிற்சியில் இருந்தார். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட பள்ளிக் கொப்பியை வைத்து, மணிக்கு மணி எத்தனை பேர் வந்தார்கள், என்ன வாங்கினார்கள், என்ன மொழி பேசினார்கள் என்று கோடு போட்டுக் குறிக்கச் சொன்னார். தகப்பனுக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது. தாய்தான் விடாமல் எழுதினார்.

சில வாரங்களில் ஒரு விஷயம் கொப்பியில் பளிச்சென்று நின்றது. திங்கள் முதல் வெள்ளி வரை, பகல் பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் இடையில், தமிழர் அல்லாதவர்கள் வருகிறார்கள். பணப்பெட்டி ஓரத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ரோல்ஸையும் கடலை வடையையும் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கழுத்தில் நிறுவன அட்டை தொங்கும், அல்லது வேலை உடுப்பில் பெயின்ட் ஒட்டியிருக்கும். பிரெஞ்சு அல்லது பாடன் ஜெர்மன் பேசுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்கள். மதியம் வீட்டுக்குப் போய் வர முடியாது. உணவகத்தில் உட்கார்ந்தால் இருபது பிராங் போய்விடும். ஒருவர் தினமும் வந்து, பெட்டி காலியாக இருந்தால் அரைகுறைத் தமிழில் “அக்கா, ரோல்ஸ்?” என்று கேட்பாராம்.

நான் பார்த்த விதத்தில், கடையின் பிரச்சினைக்கான விடை அந்தப் பெட்டியில் இருந்தது. பிராங் ஏறியது சில்லறை வியாபாரத்தை அடித்ததே தவிர, மருந்துத் தொழிலை அந்த அளவுக்கு அடிக்கவில்லை. காப்புரிமை உள்ள மருந்தை நாணய மாற்றுப் பார்த்து யாரும் வேறு கடையில் வாங்குவதில்லை. ஆகவே ஆய்வுக்கூடங்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள வேலைகளுக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு அது நல்ல காலமும்கூட. 5,000 பிராங் சம்பளம் 1.20 கணக்கில் சுமார் 4,170 யூரோ. அந்த ஆண்டின் 1.05 கணக்கில் சுமார் 4,760 யூரோ. எல்லை சனிக்கிழமை பணத்தை வெளியே கொண்டுபோகிறது, வார நாட்களில் ஆட்களை உள்ளே கொண்டுவருகிறது. கடை இதுவரை முதல் பாதியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது முடிவு: மதியச் சாப்பாடு

2016 வசந்தத்தில் கடையின் முன்பகுதியில் இரண்டு ராக்கைகளை அகற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக் கவுண்டர் வைத்தார்கள். எதை வைத்தார்கள் என்பதைவிட, எதை வைக்காமல் விட்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

நாற்காலி போடவில்லை. உட்கார்ந்து சாப்பிட இடம் கொடுத்தால் உணவகத்துக்கான உரிமம் வேண்டும், வரியும் மாறும். எடுத்துச் செல்லும் உணவுக்கு அப்போது மதிப்புக் கூட்டு வரி 2.5 சதவீதம், உட்கார வைத்துப் பரிமாறினால் 8 சதவீதம். பன்னிரண்டு பிராங் பொதியில் அந்த வித்தியாசம் சின்னதில்லை. எண்ணெய்ச் சட்டியும் வைக்கவில்லை. பொரித்தால் புகைபோக்கி வேண்டும், அதற்குக் கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், செலவும் பெரிது. ரோல்ஸையும் வடையையும், ஏற்கனவே உரிமத்தோடு சமையலறை நடத்தும் ஒரு தமிழ்க் குடும்பத்திடமிருந்து எடுத்தார்கள். கடையில் சமைத்தது சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு கோழிக்கறி அல்லது ஆட்டுக்கறி. உறைப்பைப் பாதியாகக் குறைத்து, பச்சைமிளகாய்ச் சம்பலைத் தனியாகச் சின்னக் கிண்ணத்தில் வைத்தார்கள். உணவுப் பரிசோதனைக்காரர் வந்து பார்த்து, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைத் தினமும் எழுதி வைக்கச் சொன்னார். அம்மா அதற்கும் ஒரு கொப்பி போட்டார்.

ஆள் வேண்டும். பிரான்ஸ் பக்கம் சென் லூயியில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், ஜி அட்டையில் வருகிறவர். கவுண்டரில் பிரெஞ்சு பேச ஆள் வந்ததும் அல்சாஸ்காரர்கள் இயல்பாகப் பேச ஆரம்பித்தார்கள். எல்லைக்கு அப்பால் வாழ்க்கைச் செலவு குறைவு என்று காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கலாம் என யாரோ ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். கடைக்காரர் கேட்கவில்லை. உள்ளூர்க்காரருக்கு என்ன கொடுப்பாரோ அதையேதான் கொடுத்தார். இந்த முழு விவகாரத்திலும் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது அப்போதுதான்.

பின்விளைவு: 2016 முதல் 2019 வரை

முதல் மூன்று மாதம் சோறு மிஞ்சியது. பிறகு, ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தால் அடுத்த வாரம் அவரோடு நாலு பேர் வந்தார்கள். இரண்டாவது ஆண்டில் வார நாள் வரவு சனிக்கிழமையைத் தாண்டியது. பால், டயப்பர் போன்றவற்றை நிறுத்திவிட்டு, வைலில் கிடைக்காததை மட்டும் ராக்கையில் வைத்தார்கள். அதனால் சரக்கில் முடங்கிக் கிடந்த காசு விடுபட்டது. 2017 டிசம்பரில் 3ஆம் இலக்க டிராம் சென் லூயி வரை நீண்டது. வேலைக்கு வரும் அந்தப் பெண்ணுக்குக் காலைப் பயணம் லேசானது, கடைக்கு வேறு பெரிய மாற்றம் இல்லை.

2020 வசந்தம்

கொரோனா பரவியதால் மார்ச் நடுவில் எல்லையை மூடினார்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் வழி விட்டார்கள், மற்றவர்களுக்குக் கம்பி வேலி. 8ஆம் இலக்க டிராம் எல்லைக்கு இந்தப் பக்கமே திரும்பியது. ஏப்ரலில், சாமான் வாங்குவதற்கென்று எல்லை தாண்டினால் 100 பிராங் அபராதம் என்றார்கள். அதே நேரம் அலுவலக வேலை வீட்டுக்குப் போனது. கவுண்டர் ஒரே வாரத்தில் வெறிச்சோடியது.

ஆனால் சனிக்கிழமை திரும்பி வந்தது. ஐந்து வருடமாக ஒரு பையோடு வந்தவர்கள் காரில் வந்து மூட்டையாக ஏற்றினார்கள். கோழியும் பாலும் இல்லையா என்று கேட்டார்கள். கடைக்காரருக்கு ஆசை வந்தது, பழைய ராக்கைகளைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று. வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் பாலும் கோழியும் வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் எடுப்பது, கவுண்டரைக் கழற்றக் கூடாது, அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று முடிவு. அரசின் குறைந்த நேர வேலை உதவித்தொகைக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். ஜி அட்டைக்காரருக்கும் அது உண்டு என்பது பல சிறு முதலாளிகளுக்குத் தெரியாது.

ஜூன் 15 அன்று எல்லை திறந்தது. அடுத்த சனிக்கிழமையே டிராம் பழையபடி நிரம்பிப் போனது. ராக்கைகளைப் போட்டிருந்தால் அந்தக் கோடையில் இரண்டாம் தடவை அடி வாங்கியிருப்பார்கள்.

மீண்டும் செய்வதானால்

குடும்பத்தோடு உட்கார்ந்து பேசியபோது அவர்கள் முதலில் சொன்னது, 2015 கோடையின் விலைக் குறைப்பைச் செய்திருக்க மாட்டோம் என்பது. மலிந்த கொள்முதலில் மிஞ்சிய காசைக் கவுண்டருக்கு வைத்திருந்தால் ஒரு வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம். கொப்பி எழுதுவதையும் கஷ்டம் வந்த பிறகு தொடங்காமல், நல்ல காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றார் அம்மா. அந்த மதிய ஆட்கள் 2015க்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தார்கள், யாரும் எண்ணவில்லை.

நான் சேர்க்க விரும்புவது ஒன்று. டிராம் வருகிறது, பாலம் வருகிறது என்றால் எல்லையோரக் கடைக்காரர்கள் உடனே அந்தப் பக்கத்து வாடிக்கையாளரை எண்ணிக் கனவு காண்கிறார்கள். எந்தப் பக்கம் விலை குறைவோ அந்தப் பக்கம்தான் பை போகும். எந்தப் பக்கம் சம்பளம் கூடுதலோ அந்தப் பக்கம் ஆள் வருவார். தன் கடை பையை நம்பி நிற்கிறதா, ஆளை நம்பி நிற்கிறதா என்பதைக் கடைக்காரர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பாசலின் எல்லையை ஒட்டி 2009இல் திறந்த பெரிய வணிக வளாகத்துக்கே வாடிக்கையாளர் போதாமல், பிறகு அதன் பெரும்பகுதியை அலுவலகமாகவும் ஆய்வுக்கூடமாகவும் மாற்ற வேண்டி வந்தது.

இன்றைய நிலை

2023இல் எல்லை தாண்டி வருகிறவர்கள் வாரத்தில் ஒரு பகுதியை வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான வரி ஏற்பாடு பிரான்சோடு உறுதியானது, 40 சதவீத நேரம் வரை. அதன் பலன் கவுண்டரில் தெரிகிறது. வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லை. வெள்ளியில் மரக்கறிச் சாப்பாடு மட்டும் போடுவது இந்த வீட்டின் வழக்கம் என்பதால் இறைச்சி வீணாவதில்லை, அளவை மட்டும் குறைத்துக்கொண்டார்கள்.

2025 ஜனவரி 1 முதல் வரியில்லாமல் கொண்டுவரும் அளவை ஆளுக்கு 300 பிராங்கிலிருந்து 150ஆகக் குறைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை கொஞ்சம் திரும்புமா என்று கடைக்காரர் எதிர்பார்த்தார். யூரோ இப்போது ஒரு பிராங்குக்கும் கீழே நிற்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அம்மா அதை எதிர்பார்க்கவே இல்லை. அவர் கவனம் பின்பக்க அறையில் இருக்கிறது. குத்தகை புதுப்பிக்கும் நேரம் வருவதால், புகைபோக்கி வைத்துச் சமையலறையாக்கக் கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். மகள் செலவுக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார், வங்கிக்குக் கொடுக்க வேண்டிய தாள்களை நான் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.